கூழை மோனையும் பச்சை வீரனும்

‘சர் கவைன் அண்ட் த கிரீன் நைட்’ (சர் கவைனும் பச்சை வீரனும்) என்ற ஆங்கிலக் கவிதை எங்கள் இலக்கிய வரலாற்றுத் தாளில் ஐந்து மார்க் கேள்வியாகத்தான் வரும். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி, எழுதியவர் பெயர் தெரியாது, 2530 வரிகள், அலிட்டரேஷன், அதாவது ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவது. நானும் பல வருடம் இவ்வளவைச் சொல்லி நோட்ஸ் கொடுத்துவிட்டு கவிஞர் சாசருக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் ‘அலிட்டரேஷன்’ என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்கள். அந்த வரி காதில் எப்படி விழும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் வாசித்துக் காட்டியதில்லை.

ஒரு வருடம் வரியின் அமைப்பைப் போர்டில் போட்டுக் காட்டினேன். ஒரு வரியில் நான்கு இடத்தில் அழுத்தம். பெரும்பாலும் முதல் மூன்றும் ஒரே ஒலியில் வரும், நான்காவது வேறு ஒலி. நடுவில் சின்னதாக ஒரு நிறுத்தம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சார், இது கூழை மோனைதானே?” என்றான். ஒன்று, இரண்டு, மூன்றாம் சீர்களில் மோனை வந்தால் கூழை. பள்ளியில் தமிழய்யா சொல்லிக்கொடுத்ததாம். இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவே இல்லையே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சரி, ஆளுக்கொன்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். முதலில் தமிழில் ஒரு வரி, அப்புறம் ஆங்கிலத்தில் நாலு வரி.

மறுநாள் டவுன் பஸ்ஸைப் பற்றி அவன் எழுதி வந்தது:

படியில் பாதிக்கால் பையோடு தொங்கினோம்

மூன்று ‘ப’வுக்குப் பிறகு அந்தத் ‘தொங்கினோம்’ வரும்போது காலே நழுவுகிற மாதிரி இருந்தது.

ஆங்கிலத்தில்தான் சிக்கல். தமிழ் மோனைக்குச் சீரின் முதல் எழுத்து போதும். இங்கே அழுத்தம் விழுகிற அசையைப் பார்க்க வேண்டும். கவைனின் முதல் வரியிலேயே ‘அசால்ட்’ (assault, தாக்குதல்) என்ற சொல் ‘ச’ ஒலிக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. முன்னால் இருக்கும் ‘அ’ கணக்கில் வராது. பாதிப் பேர் இதில் வழுக்கினார்கள்.

ஒரு மாணவி ‘கிங்’, ‘கிச்சன்’, ‘நைட்’ (knight, வீரன்) மூன்றையும் மோனையாக்கியிருந்தாள். ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஏமாந்துவிட்டாள், ‘நைட்’டில் ‘கே’ ஒலிக்காதே என்று சிவப்பு மையில் வட்டமிட்டு ஒரு மார்க் குறைத்தேன். அடுத்த வகுப்புக்காக மூலத்தைப் புரட்டியபோது, அரசர் வீரர்களோடு மண்டபத்துக்குள் வருகிற வரி கண்ணில் பட்டது. ‘கிங்’, ‘கம்மென்’, ‘க்னிக்டெஸ்’. அந்தக் காலத்தில் அந்தக் ‘கே’யை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். இது மொழி வரலாற்றுத் தாளில் நானே நடத்துகிற பாடம் வேறு.

வகுப்பில் இதை ஒப்புக்கொண்டு, எல்லோரையும் ‘க்னிக்ட்’ என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். தொண்டையைச் செருமுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரே சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து தாளை நீட்டினாள்.

“மார்க், சார்.”