நாலு வண்டி உமி

போன சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் ஏழாம் நாள் மண்டகப்படி, அதாவது அன்றைய நாள் செலவு பூராவும், என்னுடையது. இந்தச் சங்கதி எனக்கே நோட்டீஸைப் படித்த பிறகுதான் தெரியும்.

படித்தது நான்கூட இல்லை, என் மனைவி. வாசலில் செருகிவிட்டுப் போன மஞ்சள் நோட்டீஸை எடுத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் நாள், இரண்டாம் நாள் என்று விரலை வைத்துக்கொண்டே வந்தவள் ஏழில் நின்றுவிட்டாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கத்தில் அந்தப் பார்வையைப் புரிந்துகொள்ள எனக்குக் காது தேவையில்லை.

காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு ஹல்லர் மில் உண்டு. இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. ஒரு காலத்தில் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும். மோட்டார் சத்தம், பெல்ட் சத்தம், ஹல்லருக்குள் நெல் அரைபடும் சத்தம் எல்லாம் சேர்ந்து, பக்கத்தில் நிற்கிற ஆளிடமே தொண்டை கிழியக் கத்தித்தான் பேச வேண்டும். அப்படிக் கத்த வேண்டியிருந்தாலே அந்த இடத்தில் 85 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கிறது, தினம் எட்டு மணி நேரம் அதில் நின்றால் காது போகும் என்று கும்பகோணத்தில் காது சோதித்த பெண் சொன்னார். எனக்கு அதைச் சொல்ல அவர் முப்பது வருஷம் பிந்திவிட்டார். பாவம், அப்போது அவர் பிறந்தேயிருக்க மாட்டார்.

மில்லில் நாங்கள் கத்தவும் இல்லை. எல்லாம் கைதான். தோளில் முஷ்டியை வைத்தால் மூட்டை. விரல் நுனிகளைத் தேய்த்தால் தவிடு. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் நொய் அதிகம், கத்தியைத் தள்ளி வை. கையை உயர்த்தி, விரல்களைச் சேர்த்துக் காட்டினால் நிறுத்து. அதே கையில் விரல்களை விரித்தால் ஐந்து. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு புது ஆள் ஒருமுறை மோட்டாரை நிறுத்தச் சொன்னதற்கு ஐந்து மூட்டையை இறக்கிவிட்டான். இந்தச் சேர்ந்த விரல், விரித்த விரலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, 'கூ' கேட்டால் பித்தானை அமுக்கு என்றார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று ஒரு படம் வந்தது. கோடு மட்டமாகவே வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மடைக்குள் விழுந்த மாதிரி இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறியது. "இந்தப் பள்ளம்தான் மெஷின் சத்தத்தில் வேலை பார்த்தவங்களுக்கு வர்றது சார். உங்களுக்கு ஆ, ஊ, ஓ எல்லாம் கேட்கும். க, ச, த, ப இதெல்லாம்தான் நழுவும். லேடீஸ், குழந்தைங்க பேசுறது இன்னும் கஷ்டம்" என்றார்.

கடைசி வரியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்தப் பெண் சொன்னது சத்தியம். அதற்கு முந்தின மாதம்தான் மனைவி புளி வாங்கி வரச் சொன்னதற்குப் பாபநாசம் போய் உளி வாங்கி வந்திருந்தேன். 'ப்' விழவில்லை, 'உளி' விழுந்தது. மரவேலை எதுவும் வீட்டில் நடக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்தான். கேட்டால் திட்டுவாளே என்று நல்ல உளியாகவே பார்த்து வாங்கினேன்.

மொத்தத்தில் இரண்டு காதிலும் 50 டெசிபல் சுமார் இழப்பு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 60-லிருந்து 70 டெசிபல் வரை போனால்தான் கேட்கும் திறன் குறைந்தவர். 70 ஆனால் காது கேளாதவர். ஆக சட்டப்படி நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஊர்ப்படி டமாரச் செவிடு.

காது மெஷின் வாங்கினோம். போட்ட முதல் நாள் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. ஃபிரிட்ஜ் முனகியது. செய்தித்தாளைப் புரட்டினால் காதுக்குள் ஓலைக் கொட்டகையைப் பிரிக்கிற மாதிரி இருந்தது. அதெல்லாம் பெரிதில்லை. நமக்குத்தான் கேட்காதே என்று என் மனைவி பத்து வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் சன்னமாக ஒரு வர்ணனை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு ஒலிபரப்பானது. நான் திரும்பி, "யாரு எருமைமாடு?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தமும் சுத்தமாகக் கேட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பங்குனிக் கடைசியில் பேத்தி லீவுக்கு வரும் வரை.

காது மெஷினுக்குப் போடுகிற 13-ஆம் நம்பர் பேட்டரி, அட்டைக்கு ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு ஸ்டிக்கர். அதைப் பிய்த்தால் சின்ன ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய், அதில்தான் பேட்டரிக்கு உயிர் வரும். ஒருமுறை உயிர் வந்துவிட்டால், மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு வயசாக ஆரம்பித்துவிடும். திரும்ப ஒட்டிப் பயனில்லை. பேத்தி கைவசம் இருந்த மூன்று அட்டையையும் எடுத்து, பதினெட்டு ஸ்டிக்கரையும் பிய்த்து, பத்தை நகத்திலும் மீதியைத் தன் நெற்றியிலும் பாட்டி நெற்றியிலும் ஒட்டிவிட்டாள். "அழகா இருக்கா தாத்தா?" அழகாகத்தான் இருந்தது. சித்திரை பிறந்து சில நாளிலேயே பதினெட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. கும்பகோணம் போய் வாங்க வேண்டும், நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மெஷினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரத்தில்தான் டீக்கடையில் மாமா வந்தார்.

மாமா என்றால் முறைக்கு மாமா. விழாக் கமிட்டிச் செயலாளர். மெஷின் இல்லாத நேரத்தில் நான் உதட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவேன். அதிலும் சிக்கல் உண்டு: ப-வும் ம-வும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பாப்பா' என்றும் 'மாமா' என்றும் சொல்லிப் பாருங்கள். எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் "பாப்பாவுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும், வரட்டா" என்றதை நான் மாமா என்று படித்துவிட்டு, அவர் ஏன் இந்த வீட்டில் வந்து குளிக்கிறார் என்று அன்று பூராவும் குழம்பினேன். ஆனால் இந்த மாமாவிடம் உதடு படிக்கிற வழியே கிடையாது. பக்கத்து ராஜகிரிக் கொழுந்து வெற்றிலை எந்நேரமும் வாயில். மேலே கத்தை மீசை. சாறு வழியாமல் இருக்க முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கன்னத்துக்குள்ளேயே பேசுவார். கேட்கிறவனுக்குத் தெரிவது அவருடைய தாடை மட்டும்.

அவர் கேட்டது இது என்று பிறகு தெரிந்தது: "மாப்ள, ஏழாம் நாள் மண்டகப்படி காலியா இருக்கு, உங்க பேர்ல போட்டுடலாமா?"

எனக்கு விழுந்தது: "...நாள்... ண்ட... டி... போட்டுடலாமா?"

காது மந்தமானவன் சும்மா விட மாட்டான். கிடைத்த நாலு எழுத்தை வைத்து மீதியை அவனே கட்டிக்கொள்வான். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் கோடை மழையில் தேரடி சேறாகிவிட்டால், மில் கொல்லையில் குவிந்து கிடக்கும் உமியைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆக, "நாலு வண்டி உமி போட்டுடலாமா." எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

கேட்டுத் தெளிந்திருக்கலாமே என்பீர்கள். முதல் தரம் "என்ன?" என்றால் சொல்வார்கள். இரண்டாம் தரம் கேட்டால் அதே வேகத்தில், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். கத்தினால் எழுத்து தெளியாது, உதடும் கோணிப்போகும். முகத்துக்கு நேரே வந்து நிதானமாகச் சொல்லலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. மூன்றாம் தரம் கேட்டால் "சரி ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். இந்த "ஒண்ணுமில்ல விடுங்க" இருக்கிறதே, அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம். அதனால்தான் நாங்கள் தலையை ஆட்டிவிடுவது.

அன்றைக்குத் தலையாட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனது வேறு சேர்ந்துகொண்டது.

"இதுக்கெல்லாம் கேக்கணுமா மாமா? சும்மாதானே குவிஞ்சு கிடக்கு. வேணுங்கற மட்டும் அள்ளிக்குங்க" என்றேன்.

டீக்கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உமிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. உற்சாகத்தில் இன்னொன்றும் சொன்னேன்: "போன வருஷத்துதே மக்கிக்கிட்டு இருக்கு. பாதியக் கொளுத்திட்டேன்."

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வருகிற வரைக்கும் எங்கள் பக்கம் பலருக்குப் பெரிய வேலை கிடையாது. பேச்சுத்தான் அமோக விளைச்சல். இரண்டு நாளில் மூன்று பேர் கைமாற்றுக் கேட்டு வந்தார்கள். ஒருத்தர், மக்கிப்போன நோட்டை பாங்கில் மாற்றித் தருவார்கள், கொளுத்த வேண்டாம் என்று கையைப் பிடித்து நெடுநேரம் ஏதோ சொன்னார். அதற்கும் தலையாட்டி அனுப்பினேன்.

அப்புறம்தான் அந்த நோட்டீஸ்.

மறுக்க முடியுமா? அச்சில் ஏறிய பேர். மேளம், பூ அலங்காரம், ஜெனரேட்டர், பிரசாதம் என்று மாமா தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 48,000 ரூபாய். எழுத்தில் காட்டியதால் இது மட்டும் தெளிவாகப் புரிந்தது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பேட்டரி இல்லாததால் முதல் நாள் அது எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: "புளியோதரைக்குப் புளி நான் வாங்கிக்கிறேன். நீங்க எதையும் வாங்க வேண்டாம்."

ஏழாம் நாள் ராத்திரி. நாகஸ்வரம், இரண்டு ஜோடித் தவில், அந்தப் பக்கம் தப்பாட்டம், ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, ஜெனரேட்டர், இடையில் அதிர்வேட்டு. புதுப் பேட்டரி வாங்கியிருந்தும் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். சுற்றிப் பார்த்தால், ஊரே காதுக்குப் பின்னால் கையை மடக்கி வைத்துக்கொண்டு "என்ன? என்ன?" என்று நிற்கிறது. பந்தியில் சாம்பார் கேட்டவருக்குத் தண்ணீர் வந்தது. இலை தீர்ந்துவிட்டது என்று கத்திய பையனுக்கு ஒருத்தர் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

சமையல் கொட்டகை வாசலில் என் மில்லின் பழைய ஆள் நின்றான். இருபது வருஷம் என்னோடு பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவன். நான் பந்திக்கு நடுவிலிருந்து கையைத் தூக்கினேன். இலைக்கு உள்ளங்கையை நீட்டி, பத்து, அப்புறம் பத்து. ஓடினான். தோளில் முஷ்டி: அரிசி மூட்டை இன்னொன்று பிரி. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினேன்: சாதம் குழைகிறது, தீயைத் தள்ளு. முந்நூறு பேர் பந்தி, ஒரு வார்த்தை இல்லாமல் முடிந்தது. அந்த ராத்திரி அங்கே பேச்சு நடந்தது எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும்தான். பேத்தி என் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாக் கையையும் திருப்பிச் செய்துகொண்டிருந்தாள்.

மாமா இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கூட்டம் கலைகிற நேரத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, முகத்தை வானத்துக்குத் தூக்கி, ஏதோ கேட்டார். மீசை அசைந்தது. தாடை அசைந்தது.

நான் உஷாராகிவிட்டேன். தலையை ஒரு நூல்கூட அசைக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. கையைத் தூக்கி, விரல்களை ஒட்டச் சேர்த்து, அழுத்தமாகக் காட்டினேன். நிறுத்து.

மாமா மில்லில் வேலை பார்த்தவர் இல்லை. முகமெல்லாம் மலர்ந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், வசதியாக என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஏழாம் நாள் – மில்காரர் – 5 வருடம்."