சேலையில் தைத்த கவுனும் பாத் நகரத்து ஊர்வலமும்

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

அம்மாவின் பழைய வெள்ளைப் பருத்திச் சேலை, இங்கிலாந்தின் பாத் நகரில் நடக்கும் ஜேன் ஆஸ்டின் திருவிழாவுக்காக ஒருவழியாக கவுனாகிவிட்டது. ரீஜென்சி கவுனில், அதாவது நாவலாசிரியர் ஆஸ்டின் வாழ்ந்த 1800களின் தொடக்க காலத்து கவுனில், இடுப்புத் தையல் மார்புக்கு நேர் கீழே வரும். அங்கிருந்து துணி நேராக விழுந்தால் போதும். சரிகைக் கரையை அடி ஓரத்துக்கு விட்டேன், கைகள் முந்தானையிலிருந்து. கழுத்துச் சுருக்கத்துக்கு நாடா கோப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. பாக்கெட் வைக்கவும் வழியில்லை. துணி மெல்லிசு, சாவி வைத்தால்கூடத் துருத்திக்கொண்டு தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் ரெட்டிக்யூல் என்று கையில் ஒரு சுருக்குப்பையோடு திரிந்தது இதனால்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

பாத் வந்தாயிற்று. ஜேன் ஆஸ்டின் திருவிழா 2001இல் தொடங்கியது. இந்த வருடம் அவர் பிறந்து 250 ஆண்டு, கேட்கவா வேண்டும்!

மாலையில் நடனப் பயிற்சி. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜோடிகள் ஓர் இடம் நகரும். வரிசையின் முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். நாவல்களில் ஆட்டத்துக்கு நடுவே அவ்வளவு பேச்சு எப்படி நடக்கிறது என்று யோசித்ததுண்டு. இப்படி நிற்கும்போதுதான் பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

எல்லோரும் கேட்டது 'மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட்'. ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை வைத்து எடுத்த 1995 தொலைக்காட்சித் தொடர் செய்த வேலை! அது 1695இல் அச்சான நடனம். ஆஸ்டின் காலத்திலேயே அரதப் பழசு. சொன்னால் யார் கேட்கிறார்கள்? சரி, ஆடுவதற்கு அழகாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

ஊர்வலம். தெரு முழுக்க பானெட் தொப்பிகள், சிவப்புக் கோட்டு ராணுவ அதிகாரிகள். 2014இல் இங்கே 550 பேர் ரீஜென்சி உடையில் கூடி கின்னஸ் சாதனை செய்தார்கள்.

பக்கத்தில் நடந்த பாட்டி ஒருவர் என் கரையைத் தொட்டுப் பார்த்து, "கெஜம் ஐந்து ஷில்லிங்கா?" என்றார். ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில் தங்கைக்கு அசல் இந்திய மஸ்லினை அந்த விலைக்கு வாங்கியதாக கதாநாயகன் ஹென்றி டில்னி பீற்றிக்கொள்வானே, அது! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊர் எது என்றார். கடலூர் என்றேன். ஆஸ்டினின் அத்தை பிலடெல்பியா 1752இல் கப்பலேறி மதராஸ் போனது பாட்டிக்குத் தெரியும். மறு வருடம் கம்பெனி மருத்துவர் டைசோ ஹான்காக்கை மணந்தது எங்கள் ஊரில் என்பது தெரியாது. செல்போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன்.

அந்த அத்தைக்குக் கல்கத்தாவில் பிறந்தவர்தான் எலைசா. முதல் கணவரைப் பிரெஞ்சுப் புரட்சி கில்லட்டினில் கொன்றுவிட, 1797இல் ஜேனின் அண்ணன் ஹென்றியை மறுமணம் செய்துகொண்டார். அத்தை மகளைக் கட்டிக்கொண்டார் என்று நம் ஊரில் சொன்னால் அடுத்த கேள்வியே வராது. பாட்டிக்கு முறைப்பெண் கணக்கை விளக்குவதற்குள் ஊர்வலம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெந்நீர் ஊற்றை ஒட்டிய பம்ப் ரூம் கூடத்தில் ஊற்றுத் தண்ணீர் ஒரு கிளாஸ். வெதுவெதுப்பு, இரும்பு வாடை. 1801 முதல் 1806 வரை இந்த ஊரில் இருந்த ஆஸ்டின், தொடங்கிய ஒரு நாவலையும் பாதியில் விட்டார். இதைக் குடித்த பிறகு எனக்கு ஆச்சரியமில்லை.

அடுத்த சனிக்கிழமை நடன விருந்து. முழங்கைக்கு மேல் வரும் வெள்ளைக் கையுறை வேண்டும். என் அளவில் எந்தக் கடையிலும் இல்லை. மிச்சச் சேலையில் தேறுமா என்று பார்க்க வேண்டும்.