வீட்டுக்குள்ள ஓடுற தண்ணி
ஜன்னல்ல எட்டிப் பார்த்தா கீழ தண்ணி ஓடுது. வீட்டுக்குப் பக்கத்துல இல்லங்க, வீட்டுக்குள்ளயே!

சீனாவுல சூஜோ நகரத்துப் பக்கம் ஜோஜுவாங்னு ஒரு கால்வாய் ஊர், அங்க மிங் ராஜ வம்சத்துக் காலத்து ஜாங் குடும்ப வீடு இது. முன்வாசல்ல பல்லக்கு வரும், வீட்டு நடுவுல படகு போகும்னு இதைப் பத்தி சொல்லுவாங்க. படகைத் திருப்புறதுக்குன்னே உள்ள சின்னதா ஒரு குளம் கட்டி வச்சிருக்காங்க, அதைப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

வெளிய வந்தா இரட்டைப் பாலம், ஒண்ணு வளைவு, இன்னொண்ணு சதுரம், ரெண்டும் சேர்ந்தா அந்தக் காலத்து சாவி மாதிரியே இருக்கு. 1984ல சீன ஓவியர் சென் யீஃபெய் இந்தப் பாலத்தை வரைஞ்சதுலேருந்துதான் ஊர் பேரு வெளிய பரவுச்சு, இப்ப கூட்டம் தாங்கல.

ரோடு வந்ததும் தண்ணிக்கு முதுகைக் காட்டி வீடு கட்டப் பழகிட்டோம்ல நாம...

இங்க ஒரு பாட்டி, கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காம, படித்துறைல உக்காந்து கீரை அலசிட்டு இருந்தாங்க.