கௌதாரிக் கூவல் கணக்கு: இரண்டாம் வருடம்

போன ஞாயிறு விடியற்காலை ஐந்தேகாலுக்கு, மீஞ்சூரிலிருந்து காட்டூர் போகும் சாலையில், கௌதாரிக் குரலை எண்ண நான் குறித்துவைத்திருக்கும் நான்காவது நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். மூன்று நிமிடம் ஆனது, ஒரு கூவல்கூட இல்லை. 2024 மார்ச்சில் இதே இடத்தில் மூன்று திசையிலிருந்து கௌதாரிகள் மாறி மாறிக் கத்தின. இந்த முறை குறிப்பு அந்த மூன்றைப் பற்றித்தான்.

இந்தக் கணக்கு மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஆரம்பித்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் திருவொற்றியூரில் எங்கள் தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றது. மாடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கௌதாரி ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. வருடக்கணக்காக அதிகாலை ஷிப்டுக்குப் போகும் வழியில் கேட்ட குரல் அது. தரையிலேயே மேய்ந்து, தரையிலேயே முட்டையிடும் பறவை, தரையே இல்லாதபோது என்ன செய்யும்?

தேடிப் படித்ததில் அமெரிக்காவின் ஃபெசன்ட் கணக்கெடுப்பு கிடைத்தது. மயில், காடை, கௌதாரி எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துப் பறவைதான் ஃபெசன்ட். ஆசியாவிலிருந்து அங்கே கொண்டுபோய் விடப்பட்டது. வசந்தத்தில் விடியும் நேரம் மைலுக்கு ஒரு இடம் என்று நிறுத்தி நிறுத்தி, சேவல் கூவுவதை எண்ணுகிறார்கள். ஆகஸ்டில் இன்னொரு கணக்கு. இரவுப் பனியில் நனைந்த தாய்க்கோழி, குஞ்சுகளோடு இறகு காயச் சாலையோரம் வந்து நிற்கும் நேரம் பார்த்து எண்ணுகிறார்கள். அயோவா மாநிலத்தில் இப்படிப் பல வருடம் எண்ணிப் பார்த்து ஒரு கணக்குக்கு வந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் 31 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்து, தொடர்ந்து ஏப்ரல், மே மாதங்களில் 8 அங்குலத்துக்கு மேல் மழையும் பெய்தால் ஃபெசன்ட் குறைகிறது. 8 அங்குலம் என்றால் 20 செ.மீ. நமக்கு அது புயலின்போது ஒரே நாளில் கொட்டும் மழை. அங்கே இரண்டு மாதத்தில் பெய்யும் அந்த மழையே ஒரு தலைமுறைக் குஞ்சுகளைக் கொண்டுபோய்விடுகிறது.

காரணம் குஞ்சின் உடம்பு. முதல் இரண்டு மூன்று வாரம் அதனால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிற்றடியில் ஒடுங்கியே இருந்தால் பூச்சி பொறுக்க முடியாது, பூச்சி பொறுக்க வெளியே வந்தால் விறைத்துவிடும். வளர்ந்த பறவைக்குப் பனிப்புயல்தான் எமன். மூக்கிலும் அலகிலும் பனிக்கட்டி அடைத்து மூச்சு முட்டியே செத்துப்போகும். கோரைச் சதுப்பு மாதிரி அடர்த்தியான மறைவு இருக்கும் இடத்தில் மட்டும் பிழைக்கும். குளிரில் இளைத்துப்போன பெட்டை வசந்தத்தில் தாமதமாகத்தான் முட்டையிடும்.

சரி, இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம் என்று ஆறு நிறுத்தம் குறித்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் சுமார் ஒரு கிலோமீட்டர். தாளில் ஒரு வட்டம் வரைந்து, குரல் வந்த திசையில் புள்ளி வைப்பேன். ஜோடி சேர்ந்து கத்தினால் ஒரே புள்ளி. முதலில் வார நாளில் போனேன், கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஞாயிறுக்கு மாற்றினேன்.

2024 ஜனவரியில் ஆறு நிறுத்தமும் சேர்த்து மூன்றே புள்ளி. புயல் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நோட்டில் எழுதிவிட்டேன். மார்ச்சில் பார்த்தால் பதினொன்று! பறவை குறையவில்லை, ஜனவரியில் அது அதிகம் கத்தவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து மார்ச்சை மார்ச்சோடு மட்டும்தான் ஒப்பிடுகிறேன். இந்த ஒரு பாடத்துக்கு மூன்று மாதம் ஆனது.

புயலில் இவை எப்படித் தப்பின என்பதை இரண்டாவது நிறுத்தத்தில் ஆடு மேய்க்கும் அக்காதான் சொன்னார். "பெருசுங்க வரப்பு மேட்டுல இருக்கற முள்ளு மேல ஏறிக்கும் தம்பி. குஞ்சுங்கதான் பாவம்." கௌதாரி இரவில் தாழ்வான முள்மரத்தில் கூட்டமாக அடையும் பறவை. அன்று அதுவே அதற்கு மாடியாக இருந்திருக்கிறது.

குஞ்சுகளைப் பற்றி அவர் சொன்னதை ஜூனில் நேரிலேயே பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மாலை வரப்போரம் ஒரு ஜோடி, பின்னால் ஆறு குஞ்சுகள். பொரித்து ஒரு வாரம்கூட இருக்காது. அன்று இரவு இடிமழை. மறுநாள் காலை அதே வரப்பில் தாய் உடம்பைப் பரப்பி உட்கார்ந்திருந்தது, முதுகு இறகெல்லாம் ஈரத்தில் திரிதிரியாக. நான் இருபதடி தள்ளி அசையாமல் நின்றேன். நெடுநேரம் கழித்து இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது, பிறகு இன்னொன்று. இரண்டுதான். தாய் எழுந்து நடந்தபோது எண்ணிப் பார்த்தேன், இரண்டேதான். அன்று மற்ற நிறுத்தங்களுக்குப் போகவில்லை.

நம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கௌதாரி முட்டையிடுவது பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. அதனால் நாம் பயப்படும் புயலுக்குள் குஞ்சுகள் பெரும்பாலும் வளர்ந்துவிடும். ஆனி, ஆடியில் சாயங்காலம் திடீரென்று பெய்யும் இடிமழைதான் அவற்றுக்குப் பனிப்புயல் என்று எனக்குத் தோன்றுகிறது. பகலில் நனைந்தால் வெயிலில் காயலாம். மாலையில் நனைந்த குஞ்சுக்கு முன்னால் ஒரு முழு இரவு கிடக்கிறது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். இந்த முறை பதறவில்லை, மார்ச் வரை காத்திருந்தேன். 2025 மார்ச் கணக்கு ஒன்பது. ஐந்து நிறுத்தத்தில் ஏறக்குறைய பழைய எண்ணிக்கையே, ஒன்றில் கூடியும் இருந்தது. நான்காவதில் மட்டும் பூஜ்யம். அங்கே வாய்க்கால் தூர் வாரும்போது கரையிலிருந்த சீமைக்கருவேலம் முழுவதையும் ஜேசிபி வைத்து வழித்துவிட்டார்கள். கருவேலத்தை நான் ஆதரிக்கவில்லை, நிலத்தடி நீர் பற்றிய விவசாயிகளின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கரையில் இருந்த ஒரே முள் அதுதான். அந்தப் புயல் இரவில் ஏற அங்கே வேறு எதுவும் இல்லை.

கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பெரியவரிடம் போன வாரம் பேசினேன். இலந்தை, காரை மாதிரி முள்செடிகளைப் பத்தடி அகலத்துக்கு விட்டுவைக்கலாம், ஆடு மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள் என்றார். நாற்றங்காலில் இருபது இலந்தைக் கன்று சொல்லி வைத்திருக்கிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால் நட வேண்டும். நான்காவது நிறுத்தத்தை நோட்டிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அங்கே மூன்று நிமிடம் நிற்பேன்.