நான்கு பார் லூப் ஆறு பாராக ஒலித்த கதை

லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு ஒலித்துண்டை, இழுத்துப் போட்டால் இசைப்பதிவு மென்பொருளே அதை ப்ராஜெக்ட்டின் டெம்போவுக்கு (வேகத்துக்கு) பொருத்திவிடும் என்று நம்பி இரண்டு இரவுகளை இழந்தேன். இதே நம்பிக்கையோடு இருப்பவர்களுக்கு என் நேரமாவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட்டின் வேகம் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 பீட். பேஸ், கீபோர்டு இரண்டும் பதிவாகியிருந்தன. வாங்கிய தொகுப்பிலிருந்து ஒரு டிரம் லூப்பை எடுத்தேன். நான்கு பார் (பாருக்கு நான்கு பீட்), திஸ்ர நடை, கோப்பின் பெயரிலேயே 92 என்று போட்டிருந்தார்கள். அதை டிராக்கில் வைத்து, டெம்போவைப் பின்பற்றும் வசதியை இயக்கினேன். அதுவரை சிக்கல் எதுவும் இல்லை.

கேட்டபோது ஏதோ பிசகியது. கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் அடி) கிளிக்கோடு, அதாவது மென்பொருள் ஒவ்வொரு பீட்டுக்கும் எழுப்பும் தட்டொலியோடு, சரியாக விழுந்தது. ஸ்னேரோ (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்) ஒவ்வொரு முறையும் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவில் விழுந்தது. சிம்பல் ஒலி இழுபட்டு, துணியால் மூடியதுபோல் மங்கியிருந்தது. ஆனாலும் 24 பார் கொண்ட அந்தப் பகுதியின் முடிவில் லூப் ஒரு நூலிழைகூடப் பிசகாமல் முடிந்ததால், டெம்போ சரியாகத்தான் இருக்கிறது, லூப்பின் வாசிப்பே அப்படிப்பட்டது என்று முடிவு செய்துவிட்டேன். முதல் இரவு முழுவதும் பேஸின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஸ்னேரோடு சேர்க்க முயன்றதில் போயிற்று. லூப்பின் தரம் குறைவு என்று எண்ணித் தொகுப்பை விற்றவர்களுக்கு எழுதினேன். கோப்பில் குறையில்லை என்றும் மென்பொருளை மறுபடியும் நிறுவிப் பார்க்கும்படியும் பதில் வந்தது. லூப்பின் பார் எண்ணிக்கையையோ நீளத்தையோ அவர்கள் கேட்கவே இல்லை. சொன்னபடி நிறுவினேன்; அரை நாள் போனதுதான் மிச்சம்.

இரண்டாம் இரவில்தான் லூப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். அதன் இயல்பான வேகம் 138 என்று மென்பொருள் கணித்திருந்தது. 92ஐ ஒன்றரையால் பெருக்கினால் 138. திஸ்ர நடையில் ஒவ்வொரு பீட்டும் மூன்றாகப் பிரிகிறது; அந்தச் சிறு அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு பீட் என்று மென்பொருள் எண்ணிவிட்டது. இதனால் 16 பீட் லூப் 24 பீட்டாகி, நான்கு பார் ஆறு பாராகிவிட்டது. 24 பார் பகுதிக்குள் நான்கு பாரும் ஆறு பாரும் மீதியில்லாமல் அடங்குவதால்தான் முடிவில் பிசகு தெரியவில்லை. 92லிருந்து 96க்குச் சுமார் 4 விழுக்காடு மட்டும் சுருங்க வேண்டிய ஒலியை, 138லிருந்து 96க்குக் கொண்டுவருவதாக நினைத்து மென்பொருள் ஏறக்குறைய 44 விழுக்காடு நீட்டியிருந்தது. சிம்பல் மங்கியதற்கும் காரணம் இதுவே.

வேகத்தைப் பாதியாக்கவும் இருமடங்காக்கவும் பல மென்பொருள்களில் பொத்தான்கள் உண்டு. 70ஐ 140 என்று கணிப்பது போன்ற பிழைகளுக்கு அவை போதும். ஒன்றரை மடங்குப் பிழைக்கு அவை உதவாது, எண்ணைக் கையால்தான் திருத்த வேண்டும். எந்த எண் என்பதற்கு ஊகம் தேவையில்லை: பீட்டுகளின் எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, லூப்பின் நீளத்தை விநாடியில் எடுத்து வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். லூப்பைத் தனியாக ஓடவிட்டு, காலால் தட்டிப் பார்களை எண்ணிய பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நானும் போட்டேன். 16 பீட்டுக்கு 960, நீளம் 10.48 விநாடி, வேகம் 91.6. பெயரில் 92 இருக்க, இந்தச் சிறு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் குழம்பினேன். வாங்கிய தொகுப்பில் வேவ், எம்பி3 என்று இரண்டு கோப்புறைகள் இருந்தன. அளவு சிறியது என்பதற்காக நான் எடுத்திருந்தது எம்பி3. அந்த வடிவத்தில் சுருக்கும்போது கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் மட்டும் சாதாரணமாக 25 மில்லி விநாடி அளவுக்கு வரும். சில மென்பொருள்கள் அதைத் தாமே வெட்டிவிடுகின்றன, என்னுடையது வெட்டவில்லை. காதுக்கு மௌனமாகத் தெரியாத அந்த இடைவெளி, வேறு கிக்கோடு சேரும்போது இரட்டை அடியாகக் கேட்டுவிடும். வேவ் கோப்பின் நீளமோ 10.435 விநாடி. கணக்குப் போட்டேன்: சரியாக 92. அதை 96க்குக் கொண்டுவந்ததும் நீளம் துல்லியமாக 10 விநாடியாயிற்று; ஸ்னேர் கிளிக்கின் மேல் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு எஞ்சியது நீட்டும் முறையைத் தேர்வதுதான். டிரம்முக்கு ஏபிள்டன் லைவில் ‘பீட்ஸ்’ போன்ற, அடிகளின் தொடக்கத்தைக் காப்பாற்றும் முறை நல்லது. ‘ரீ-பிட்ச்’ முறையில் ஒலி தெளிவாகவே இருக்கும், ஆனால் வேகத்தோடு சுருதியும் மாறும்: 92லிருந்து 96க்குப் போகையில் சுமார் 74 சென்ட், அதாவது ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு ஏறிவிடும். டிரம்முக்கு அது பெரும்பாலும் உறுத்தாது. கிட்டார் லூப்பில் செய்தால் பாடலே அபசுரமாகிவிடும்.

கிளிக் இல்லாமல் கையால் வாசித்த ஷேக்கர் லூப் ஒன்றும் இருந்தது. அதில் வேகம் இடையிடையே ஏறி இறங்கியதால் ஒரே எண் போதவில்லை. ஒவ்வோர் அடிக்கும் குறி வைத்து கிரிட்டில் (மென்பொருள் காட்டும் பீட் கோடுகளில்) பூட்டினேன். வாசித்தவரின் உயிர்ப்பு முழுவதும் போய்விட்டது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பாரின் முதல் அடிக்கு மட்டும் குறி வைத்தபோது தாளமும் நின்றது, நடையும் பிழைத்தது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியானதும் லூப்பை 96இல் புதிய ஆடியோவாக எழுதி, பழையதை ப்ராஜெக்ட்டிலிருந்து நீக்கிவிட்டேன். மறுநாள் பாடகர் 98இல் பாடுவதே தமக்கு வசதி என்றார். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடியும் சுருக்கினால் அடிகள் சிதறும் என்பதால், மூலக் கோப்பைத் தேடியெடுத்து, 92 என்று எழுதி, குறிகளை மீண்டும் வைத்தேன். இம்முறை இருபது நிமிடமே ஆயிற்று. மூலக் கோப்பை ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே ஒலியடக்கிய ஒரு டிராக்கில் வைத்திருக்கிறேன்.