வேதாரண்யத்து வீட்டுக் கூரைக்கு ஆணி தேர்ந்தெடுத்த அனுபவம்

அம்மாவின் வீடு வேதாரண்யத்தில், உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்புறம் ஓட்டுத் தாழ்வாரம், பின்புறம் விறகும் சைக்கிளும் வைக்க ஒரு ஷீட் கொட்டகை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது கொட்டகை ஷீட் மொத்தமும் போய்விட்டது. தாழ்வாரத்தில் ஓடுகள் சரிந்தன. தார்ப்பாயும் கிடைத்த ஓடும் போட்டுச் சமாளித்து வந்ததை, பணம் சேர்ந்த பிறகு முறையாகச் செய்தோம். எந்த மரம் வாங்கலாம், ஓடு எங்கே மலிவு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆணியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அது குறித்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசாரி அண்ணன் வந்ததும் புது மரத்தைப் பார்க்கவில்லை, கழற்றிப் போட்டிருந்த பழைய மரத்தைத்தான் புரட்டிப் பார்த்தார். கொட்டகைச் சட்டத்தில் ஷீட் ஆணி இருந்த ஓட்டைகள் வட்டமாக, ஓரம் சிதையாமல் இருந்தன. விரல் வைத்தால் துருப்பொடி ஒட்டியது. தாழ்வாரத்தில் ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரிலோ ஆணிகள் சரிவுப் பக்கமாக வளைந்திருந்தன, ஆனால் மரத்தை விட்டு வரவில்லை.

"பாத்தியா தங்கச்சி, இங்க காத்து ஆணியை நேரா மேல உருவியிருக்கு. அங்க ஓட்டு பாரம் பக்கவாட்டுல தள்ளியிருக்கு. ரெண்டுக்கும் ஒரே ஆணி போட்டா எப்படி?" என்றார்.

எனக்கு இதுதான் முழுப் பாடம். நீளம், தடிமன் எல்லாம் பிறகு. இந்த இணைப்பை எது, எந்தத் திசையில் பிரிக்கப் பார்க்கும் என்று முதலில் கேட்க வேண்டும். வழவழப்பான கம்பி ஆணி பக்கவாட்டுப் பாரத்தை நன்றாகவே தாங்கும். அதையே தண்டின் நேர்த்திசையில் இழுத்தால், மரம் அதைக் கவ்வியிருக்கும் பிடி ஒன்றுதான் துணை. மரம் காயக் காய அந்தப் பிடியும் தளரும். பச்சை மரத்தில் அடித்த ஆணி ஒரு கோடை கழிந்ததும் லேசாக ஆடுவது இதனால்தான். மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நார் ஓடும் திசையிலேயே அடித்தால் பிடி இன்னும் குறைவு. அதனால் சட்டத்தின் முனையில் நேராக அடிப்பதைவிடப் பக்கத்திலிருந்து சாய்த்து அடிப்பது மேல்.

தாழ்வாரத்துக்குக் கைமரம், அதாவது ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரம், பனை. பழையவற்றில் நல்லதாக இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டோம். ரீப்பர் ஒரு அங்குலத் தடிமன். மேலே சேர்க்கும் கட்டையின் தடிமனைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு நீளத்தில் ஆணி வேண்டும் என்பது கணக்கு. அதன்படி இரண்டரை அங்குலம் எடுத்தோம். ஒரு அங்குலம் ரீப்பருக்குப் போக, மீதி ஒன்றரை அங்குலம் பனைக்குள் இறங்கும். கெட்டி மரத்துக்கு அது போதும், மென்மையான மரமாக இருந்தால் மூன்று அங்குலத்துக்குப் போயிருப்போம்.

கடையில் ஆணியை எடைக்குத்தான் தருவார்கள். அளவை இரண்டு எண்ணாகச் சொல்ல வேண்டும்: முதலில் நீளத்துக்கு அங்குலம், அப்புறம் தடிமனுக்கு கேஜ். கேஜ் எண் ஏற ஏற ஆணி மெலியும். 8 கேஜ் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், 10 கேஜ் மூன்றேகால், 12 கேஜ் இரண்டரைக்குச் சற்று மேல், 16 கேஜ் ஒன்றரையை ஒட்டி வரும். "இரண்டரை இஞ்ச் ஆணி" என்று மட்டும் கேட்டால் கைக்கு எது வருகிறதோ அதை அள்ளிப் போட்டுவிடுவார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது 10 கேஜ். மெலிந்த ஆணி பனையில் பாதியிலேயே மடங்கிவிடும். தடித்ததைப் போட்டால் ரீப்பர் பிளக்கும்.

வைரம் பாய்ந்த பனையின் வெளிப்பக்கம் அத்தனை கெட்டி. அண்ணன் இரண்டரை மில்லிமீட்டர் பிட் போட்டு ஓட்டை எடுத்த பிறகே அடித்தார். துளை ஆணியைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும், சரிசமமாக இருந்தால் பிடிப்பு போய்விடும். ரீப்பர் முனைகளில் ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கினார். கூர்முனை நாரை ஆப்பு போலப் பிளந்துகொண்டு போகும், மழுங்கிய முனை நாரை நசுக்கி வழி எடுத்துக்கொள்ளும். கூரான ஆணிதான் நல்லது என்று இத்தனை நாள் நினைத்திருந்த எனக்கு இதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். ஒரே நார்க்கோட்டில் இரண்டு ஆணி வராமல் ஏறுக்குமாறாக அடித்ததும் மரம் பிளக்காமல் இருக்கத்தான்.

எங்கள் ஊரில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. சாதா இரும்பு ஆணி துருப்பிடித்தால் மெலிவது மட்டுமில்லை, துரு ஊதிச் சுற்றியுள்ள மரத்தையும் விரிசல் விடவைக்கும். அதனால் வெளியே வரும் எல்லா வேலைக்கும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஆணிதான் என்று முடிவெடுத்தோம். அதிலும் இரண்டு ரகம். பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னுவது மெல்லிய பூச்சு. வீட்டுக்குள் பரவாயில்லை, கடற்கரையில் சீக்கிரம் போய்விடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலான சாம்பல் நிறத்தில், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பூச்சு தடிமன், அந்தச் சொரசொரப்பால் மரத்தில் பிடிப்பும் கூடுதல். எங்கள் தெருவில் அது கிடைக்காமல் நாகப்பட்டினம் வரை போய் வாங்கினோம். போக்குவரத்துச் செலவைச் சேர்த்தாலும் அது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. துருப்பிடித்த ஆணியை மாற்ற வேண்டுமென்றால் ஓடு முழுவதையும் இறக்க வேண்டுமே!

கொட்டகைக்கு அண்ணன் ஆணியே ஆகாது என்றார். ஷீட் லேசு, காற்று அதை அடியிலிருந்து தூக்கும், மேலிருந்து உறிஞ்சவும் செய்யும். இழுவை முழுக்க நேர்த்திசையில். தண்டில் வளையம் வெட்டிய ஆணி கிடைத்தால் ஓரளவு தாங்கும், ஆனால் மரை உள்ள திருகுக்கு ஈடாகாது. மரச்சட்டத்தை எடுத்துவிட்டு ஜி.ஐ. பைப் போட்டு, ரப்பர் வாஷர் உள்ள, தானே துளைத்துக்கொண்டு இறங்கும் செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ ஏற்றினோம். ஷீட்டின் மேட்டில்தான் ஸ்க்ரூ இறங்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் கூடாது. ஓரத்து வரிசைகளில் நெருக்கமாகப் போட்டோம், காற்று முதலில் கை வைப்பது ஓரத்தில்தான்.

வீட்டுக்குள் வேலை கொஞ்சம்தான். ஜன்னல் கொசுவலைச் சட்டத்துக்கு மேல் வைக்கும் மெல்லிய பட்டிக்குத் தலை சிறுத்த முக்கால் அங்குலப் பேனல் பின் போதும். சமையலறைச் சுவரில் தட்டு மாட்டக் கான்கிரீட் ஆணி வாங்கலாம் என்றாள் அம்மா. அது கடினப்படுத்திய எஃகு, வளையாது, தப்பாக அடித்தால் சட்டென்று உடைந்து தெறிக்கும். கண்ணாடி போடாமல் யாரும் அதை அடிக்கக் கூடாது. எங்கள் சுவரோ பழைய சுண்ணாம்புக் காரை, அடிக்கிற அதிர்ச்சியில் பூச்சு பெயர்ந்துவிடும். அங்கே ட்ரில் போட்டு பிளக் வைத்துத் திருகினோம்.

பழைய ஆணிகளை நிமிர்த்தி மறுபடி போடலாமே என்றும் அம்மா கேட்டாள். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த ஆணி அதே இடத்தில் மறுபடி எளிதில் மடங்கும், பூச்சும் அங்கே உரிந்திருக்கும். கூரைக்கு வேண்டாம் என்று அண்ணன் தனியே எடுத்து வைத்தார். வேலிப்படல் கட்டவும், சாரத்துக்குத் தற்காலிகமாகக் கட்டை சேர்க்கவும் அவை உதவின.