ஊட்டி ஏரியோடு திரும்பாதீர்கள்: உறைபனியிலிருந்து முள்காடு வரை பஸ்ஸிலேயே ஒரு சுற்று

நீலகிரியைப் பார்க்க ஜீப் வேண்டாம், பஸ் போதும். மசினகுடியில் ஒருவர் ஒரு மணி நேரச் சுற்றுக்கு 3,000 ரூபாய் கேட்டார். பேரம் பேசினால், "காட்டுக்குள்ள வேற எப்படிப் போவீங்க?" என்று அலட்சியமாகக் கேட்கிறார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து வந்த கூடலூர் பஸ்ஸில் ஏறி, முதுமலைக் காட்டின் நடுவே போகும் சாலையில், ஒரு சாப்பாட்டுக் காசுகூடச் செலவழிக்காமல் போய்ச் சேர்ந்தேன். மானும் மயிலும் ஜன்னலிலிருந்தே தெரிந்தன. அதைவிடப் பெரிய விஷயமாக, காடு கண்ணெதிரே வேறு காடாக மாறுவதைப் பார்த்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

வழி இதுதான்: மேட்டுப்பாளையம், ஊட்டி, அவலாஞ்சி, கல்லட்டி இறக்கம், மசினகுடி, கூடலூர். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அதனால் ஏற்றமும் பஸ்தான். கீழே வறண்ட புதர், கல்லாறு தாண்டியதும் பாக்குத் தோப்பு, குன்னூரில் தேயிலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,200-க்கு மேல். பஸ்ஸில் பாதி வழியிலேயே எல்லோரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார்கள்.

ஊட்டியில் அறை வாடகை அநியாயம். ஜனவரியில் போவதற்கு ஒரே நியாயம் உறைபனி. விடியும் முன்பே தலைகுந்தா பக்கம் போய்விடுங்கள். புல்வெளி முழுக்க வெள்ளை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல் நுனியிலும் ஊசி ஊசியாகப் பனிப் படிகம், கால் வைத்தால் நொறுங்குகிறது. மரங்கள் அடர்ந்த இடத்துக்கு வந்தால் அடியில் பனி இல்லை, ஈரச் சருகுதான். மேகமில்லாத இரவில் திறந்த நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மரக்கூரை இருக்கும் இடத்தில் அந்தச் சூடு தங்கிவிடுகிறது.

சோலைக்காடுகள், அதாவது இந்த உயரத்தில் வளரும் குள்ளமான பசுமைமாறாக் காடுகள், மலை மடிப்புகளுக்குள்ளேயே ஒடுங்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் ஜனவரிப் பனியில் கருகிவிடும். அதைத் தாண்டினால் கோடைத் தீ இருக்கிறது. இரண்டையும் தாங்கிப் புல்லின் நடுவே தனியாக நிற்பது காட்டுப்பூவரசு. அதன் பட்டை தக்கைபோலத் தடிப்பு, இலை தோல்போல முரடு, பூ நல்ல சிவப்பு.

அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில் கூட்டிப்போகிறார்கள். கட்டணம் கொஞ்சம் யோசிக்க வைத்தது, ஆனால் கொடுத்த காசுக்கு இரண்டு மடங்கு மதிப்பு. சோலை மரங்கள் குள்ளமாக, முறுக்கிக்கொண்டு, கிளையெல்லாம் பாசி தொங்க நிற்கின்றன. பாதைக்காக வெட்டிய மண் சுவரில் மேலே கன்னங்கரேலென்று ஓர் அடுக்கு, அதன் கீழே செம்மஞ்சள். கையில் எடுத்தால் ஈரமாக, லேசாக இருக்கிறது அந்தக் கருமண். குளிரில் கிருமிகளுக்கு வேலை மந்தம், விழுந்த சருகு முழுதாக மக்குவதற்குள் அடுத்த சருகு விழுகிறது. அப்படிச் சேர்ந்த கறுப்பு அது. மண் என்பது வெறும் பாறைத்தூள் இல்லை, காலநிலையும் உயிர்களும் காலமும் சேர்ந்து உண்டாக்குவது என்று 1880-களிலேயே ரஷ்யப் புல்வெளிக் கருமண்ணை ஆராய்ந்த வசீலி டோக்குச்சாயெவ் சொன்னார். அதை இந்த மண் சுவரில் நேரில் பார்க்கலாம்.

இந்த மேட்டுநிலத்தின் சதுப்புகளில் தாவரச் சிதைவு ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை 1993-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வறட்சிக்கேற்ற புல்வகைகள் ஓங்கிய காலமும், ஈரத்துக்கேற்ற தாவரங்கள் ஓங்கிய காலமும் மாறி மாறி வந்திருக்கின்றன. ஆக, இந்தப் புல்வெளி யாரோ காட்டை வெட்டியதால் வந்த மொட்டை நிலம் கிடையாது. காலநிலை உண்டாக்கியது. இதைத் தரிசு என்று எழுதிவைத்து, ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பிறகும் வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டுத் தள்ளியது பெரிய அநியாயம். சீகை இன்று தானாகவே பரவிப் புல்லை மூடுகிறது. இன்னமும் "மலையில் மரம் நடுவோம்" என்று வண்டி கட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இந்தப் புல்வெளியில் நடாதீர்கள். இந்தப் புல்தான் மழையை வாங்கி ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வந்ததோ ஒரு சின்ன வண்டி. கம்பி பெயர்ந்த சீட், மூடாத ஜன்னல், மூட்டைக்கும் ஆளுக்கும் நடுவே ஒற்றைக் காலில் நான். முன்னால் இருந்த பாட்டி, "இந்தப் பக்கம் சாஞ்சுக்கோ கண்ணு" என்று கம்பியைக் காட்டியிராவிட்டால் பத்தாவது வளைவிலேயே விழுந்திருப்பேன். இந்த வழியில் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், அவர்களுக்காவது நல்ல வண்டி விட வேண்டும். ஆனாலும் மறுபடி போகச் சொன்னால் இதே வழியில்தான் போவேன். மேலே பாசி தொங்கிய கிளைகள், கீழே வேலமும் இலந்தையும் கள்ளியும்! நடுவில் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு விளிம்பில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி, மசினகுடி இருக்கும் சீகூர் பக்கம் இறங்கும் காற்றில் மிச்சம் அதிகமில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த வறண்ட பக்கத்தில் பல இடங்களுக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால்தான் இங்கே இலை சிறுத்து முள் பெருத்திருக்கிறது.

மசினகுடியிலிருந்து கூடலூருக்குச் சுமார் 25 கிலோமீட்டர். தூங்கிவிடாதீர்கள். முதலில் முள்ளும் புதரும். தெப்பக்காடு நெருங்க வெக்காலியும் தேக்கும், பாதி இலை உதிர்த்து. வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி (லேன்டானா) எங்கே பார்த்தாலும் மண்டிக் கிடக்கிறது, அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. அப்புறம் மூங்கில். மேற்கே போகப் போக மரம் உயர்கிறது, பச்சை கூடுகிறது. கூடலூரில் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி, வாசலில் காயும் காப்பிக் கொட்டை. இயற்கை ஆய்வாளர்கள் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸும் அலெக்சாண்டர் ஹம்போல்ட்டும் கடல் கடந்து தேடிப்போனது இப்படிப்பட்ட மாற்றங்களைத்தானே! ஹம்போல்ட் 1802-இல் ஆண்டிஸ் மலையின் சிம்போராசோவில் ஏறி, உயரத்துக்கு உயரம் செடிகள் மாறுவதைப் படமாகவே வரைந்தார்.

கூடலூர்ச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட மாட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சின்ன மெஸ்ஸில் மட்டை அரிசிச் சோறு, புளி தூக்கலான மத்திக் குழம்பு, வேகவைத்து மசித்த கப்பைக் கிழங்கு. "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். ஊட்டியில் ஒரு தோசைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. வெளியே வந்தால் சாலையோர மண் செக்கச்செவேல். வெப்பமும் மழையும் சேர்ந்து சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்து இழுத்துப் போக, இரும்பும் அலுமினியமும் தங்கிய மண். பார்க்க வளமாகத் தெரிகிறது, ஆனால் சத்து மேலே மக்கிய சருகில்தான். காட்டை வெட்டினால் அதுவும் அடுத்த மழையோடு போய்விடும்.

செலவுக் கணக்கு எழுதுவதாக இருந்தேன், இடம் போய்விட்டது. சுருக்கமாக: அறைதான் பெரிய செலவு, பஸ் ஒன்றுமே இல்லை, அவலாஞ்சி வண்டிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உறைபனிக்கு ஜனவரி, மேற்குப் பக்க மழைக்கு ஜூலை. ஜூலையில் அட்டை கடிக்கும், உப்போடு போங்கள்.